மூன்று நிமிடப் படமும் அதன் விலையும்

ஜொகூரின் மாசாயில் யாருக்காவது புற்றுநோய் என்றால், கதிர்ச்சிகிச்சைக்குப் பெரும்பாலும் ஜொகூர் பாரு சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனைக்குத்தான் போவார்கள். கட்டியின் உருவம் சி.டி. படத்தில் தெரிந்துவிடும். அதற்குள் உயிர்வளி எங்கே வற்றிக் கிடக்கிறது என்பது தெரியாது. வற்றிய இடத்துச் செல்லைக் கொல்லவோ ஏறக்குறைய மூன்று மடங்கு கதிர் வேண்டும். அந்த வறட்சியை அளந்து காட்டவல்லது எலக்ட்ரான் பாராகாந்த ஒத்ததிர்வுப் படமெடுப்பு, சுருக்கமாக இ.பி.ஆர்.

எம்.ஆர்.ஐ.க்கு இது பங்காளி முறை. அது நீரிலுள்ள புரோட்டானைத் தேடுகிறது, இது துணையில்லா எலக்ட்ரானை. உடலில் அப்படிப்பட்ட எலக்ட்ரான் போதிய அளவு இல்லாததால் டிரைட்டில் என்ற பொருளை ஊசிவழி ஏற்றுகிறார்கள். அருகில் உயிர்வளி கூடக்கூட அதன் குறிகை விரைந்து அடங்கும். அடங்கும் வேகமே அளவுகோல்.

தொல்லையும் அங்கேதான். புரோட்டானின் குறிகை மில்லி நொடிக் கணக்கில் நிற்கும்; எலக்ட்ரானுடையது சில மைக்ரோ நொடியில் செத்துவிடும். அதற்குள், இடத்தைப் பிரித்தறிய உதவும் காந்தச் சரிவை ஏற்றி இறக்க முடியாது. அதனால் பழைய முறையில் காந்தப்புலத்தை மெல்ல நகர்த்தி, கோணம் கோணமாகப் பதிவு செய்தார்கள். ஒரு படத்துக்கு இருபது முப்பது நிமிடம்கூடப் போகும். கட்டியின் உயிர்வளியோ சில நிமிடங்களிலேயே ஏறி இறங்கும்.

இந்த முடிச்சை அவிழ்த்ததில் தமிழர் கை உண்டு. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் 300 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைத் துடிப்புக் கருவியால் விலங்கின் உடலைப் படமெடுத்த 1997ஆம் ஆண்டுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் ஆர். முருகேசன், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தவர். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த சங்கரன் சுப்பிரமணியன், நல்லதம்பி தேவசகாயம் முதலியோர் 2002இல் ஒற்றைப்புள்ளி முறையை வெளியிட்டார்கள். சரிவை அசைக்காமல் நிறுத்தி, துடிப்பு கொடுத்து, குறித்த கணத்தில் ஒரே ஒரு புள்ளியை எடுத்துக்கொள்வது. பிறகு சரிவை ஒரு படி மாற்றுவது. கேட்கும்போது நத்தை வேலைதான். கணக்குப் போட்டால் வேறு கதை. திசைக்கு 21 படி என்றால் மொத்தம் 9,261 புள்ளி. ஒவ்வொன்றையும் 6 மைக்ரோ நொடி இடைவெளியில் 1,000 முறை சேர்த்தாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிகிறது. சீக்கிரம் சாகும் குறிகை, சீக்கிரம் மறுபடி கேட்கவும் விடுகிறது. குறையையே வசதியாக்கிய இந்தத் தந்திரம் எனக்கு மிகவும் பிடித்தது.

விலை இல்லாமல் இல்லை. துடிப்புக்குப் பின் காத்திருக்கும் நேரம் கூடினால் படத்தின் பரப்பு சுருங்கிவிடும். அதைச் சரிக்கட்ட மூன்று வெவ்வேறு சரிவுகளில் திரும்ப எடுக்க வேண்டும். ஒரு நிமிடம் மூன்றாகிறது. அப்படியும் 2010இல் இந்தக் குழு மூன்று நிமிடத்துக்கு ஒரு படமாக எடுத்து, எலியின் கட்டியில் உயிர்வளி ஏறி இறங்குவதைக் காட்டியது. வேகம் என்ற சொல்லுக்கு அர்த்தம் கிடைத்த இடம் அது.

என் மனத்தாங்கல் வேறு. டிரைட்டில் ஓரிடத்தில் அடர்ந்து தேங்கினாலும் குறிகை விரைந்து அடங்கும்; உயிர்வளி கூடியதைப்போலத் தோன்றும். சிகாகோவில் ஹோவர்ட் ஹால்பெர்ன் குழு எலக்ட்ரான் தன் பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் வேறொரு தளர்வு நேரத்தை அளந்து இந்த மயக்கத்தைப் பெரிதும் குறைத்தது. வேகத்தைவிட இந்தத் திருத்தமே பெரிது என்பேன். டென்வரின் ஈட்டன் தம்பதியர் வளர்த்த விரைவு வருடல் முறை, துடிப்புக்குப் பிடிகொடுக்காத குறிகைகளுக்கு நல்ல மாற்று.

ஆனால் எலியிலிருந்து மனிதனுக்கு வர வேகம் மட்டும் போதாது. டிரைட்டிலை மனித உடலில் ஏற்ற அனுமதி இல்லை. உடல் பெரிதானால் அலையின் ஆற்றலையும் கூட்ட வேண்டும், சூடேறும். நோயாளிவரை வந்த இ.பி.ஆர். முறைகளில் ஒன்று பெரியண்ணன் குப்புசாமி குழுவின் ஆக்சிசிப். கட்டியில் பதிக்கும் சிறு சில்லு அது. படமே தராது, பதித்த இடத்து அளவை மட்டும் சொல்லும்.

மாசாயிலிருந்து போகிறவருக்கு இன்றும் சி.டி. படத்தின்மேல்தான் கதிரின் எல்லை வரையப்படுகிறது.