ஏற்றத்தில் விழும் அழுத்தம்

நாமக்கல் மாவட்டத்தில் காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொரு வளைவிலும் வண்டி வேகம் தணிந்து, தாழ்ந்த கியருக்கு மாறி, ஏற்றிய பாரத்தோடு மறுபடியும் இழுத்தாக வேண்டியிருப்பதால், சமவெளியில் மறைந்து கிடக்கும் எரிபொருள் அழுத்தக் குறை இந்த வழியில்தான் முதலில் வெளிப்படுகிறது. பொலேரோ, சுமோ, ஸ்கார்ப்பியோ போன்ற எஸ்யூவிகளில் அக்குறை பெரும்பாலும் 'வண்டியில் இழுவை இல்லை' என்ற ஒற்றை வரிப் புகாராகவே தொடங்கும். அதன் காரணத்தைப் பட்டறைக்குப் போகாமல் வீட்டு வாசலிலேயே தேடும் வழக்கம், கைபேசியோடு இணையும் ஓபிடி கருவி மலிவாகிவிட்ட பிறகு வலுப்பெற்றுள்ளது. வண்டியின் கணினியில் பதிவான பிழைக் குறியீடுகளையும் உணரிகளின் அளவீடுகளையும் படித்துக் காட்டும் சிறு கருவி அது. இவ்வழக்கத்தை முழுவதுமாக ஏற்பதும் முழுவதுமாகத் தள்ளுவதும் பிழையாகும். அதன் வலிமை எங்கே முடிகிறது என்பதே ஆராயத்தக்கது.

இன்றைய டீசல் எஸ்யூவிகளில் இருப்பது காமன் ரெயில் அமைப்பு. தொட்டியிலிருந்து ஃபில்டர் வழியாக வரும் டீசலை உயர் அழுத்தப் பம்ப் அமுக்கி, எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பொதுவான, 'ரெயில்' எனப்படும் ஒரு தடித்த குழாயில் தேக்கி வைக்கிறது. எப்போது, எவ்வளவு பீய்ச்ச வேண்டும் என்பதை இசியு எனப்படும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி தீர்மானிக்கிறது. பயணியர் கார்களில் இவ்வமைப்பு 1997-இல் ஆல்ஃபா ரோமியோ 156 வழியாகச் சந்தைக்கு வந்தது. கார் டயரில் உள்ள காற்றழுத்தம் ஏறத்தாழ 2 பார் என்றால், இந்தக் குழாயில் எஞ்சின் சும்மா ஓடும்போதே சுமார் 300 பார் இருக்கும். முழுச் சுமையில் அது 1,300 பாரையும், பிந்தைய தலைமுறை அமைப்புகளில் 1,600 முதல் 2,000 பாரையும் தொடும். ஆகவே 'எரிபொருள் அழுத்தம்' என்ற ஒரே சொல், தொட்டி முதல் பம்ப் வரையுள்ள தாழ்ந்த அழுத்தப் பகுதியையும், பம்ப் முதல் இன்ஜெக்டர் வரையுள்ள உயர்ந்த அழுத்தப் பகுதியையும் ஒருசேரக் குறித்துவிடுகிறது. வீட்டுச் சோதனையில் நேரும் குழப்பங்களில் பெரும்பங்கு இவ்விரண்டையும் பிரிக்காததால் விளைவதே.

தாழ்ந்த அழுத்தப் பகுதியைப் பொறுத்தவரை, வீட்டுச் சோதனை பட்டறைச் சோதனையைவிட மேலானது என்றுகூடச் சொல்லலாம். பல வண்டிகளில் இப்பகுதி டீசலைத் தள்ளுவதில்லை, உறிஞ்சுகிறது. எனவே குழாயில் நுண்ணிய விரிசல் இருந்தால் டீசல் வெளியே கசியாமல் காற்று உள்ளே புகும். வெளியில் ஈரமே இல்லை என்பதால் குழாய் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டுவது இங்கே தவறாகிறது. இதைக் கண்டறியச் சரிவே துணைசெய்கிறது. தொட்டி பின்புறம் இருக்கும் வண்டியை முன்பக்கம் மேட்டை நோக்க இரவு முழுவதும் நிறுத்தினால், காற்று புகும் குழாயில் உள்ள டீசல் தொட்டிக்கே இறங்கிவிடும். காலையில் ஸ்டார்ட் ஆக நெடுநேரம் பிடிக்கும். அதே வண்டி பள்ளத்தை நோக்கி நின்ற மறுநாள் உடனே ஸ்டார்ட் ஆகுமானால், காற்றுப் புகுதலின் மீது ஐயம் வலுக்கிறது. சமதளத்தில் ஒரு மணி நேரம் மட்டும் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக்குக்கு இந்தச் சான்று கிடைப்பதே இல்லை. ஃபில்டருக்கு முன்னால் சிறிது நேரம் ஒளிபுகும் குழாய் ஒன்றை இணைத்துக் குமிழி வருகிறதா எனப் பார்ப்பதும், கையால் அமுக்கும் பிரைமர் குமிழ் உள்ள வண்டியில் எஞ்சின் ஓடும்போது அது ஒட்டிச் சுருங்குகிறதா எனப் பார்ப்பதும் (சுருங்கினால் அடைப்பு தொட்டிப் பக்கம் இருக்கிறது), ஃபில்டரின் அடியில் தேங்கிய தண்ணீரை வடித்துப் பார்ப்பதும் இதே வகையைச் சேர்ந்த, செலவு குறைந்த, நம்பத்தக்க வழிகள்.

கைபேசித் திரையில் எண் தோன்றும் இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. பி0087 என்ற குறியீடு 'ரெயில் அழுத்தம் குறைவு' என்று மட்டுமே சொல்கிறது. அடைபட்ட ஃபில்டர், காற்று, தேய்ந்த பம்ப், பம்புக்குச் செல்லும் டீசலை அளவிடும் வால்வு, உள்ளுக்குள் கசியும் இன்ஜெக்டர், பழுதான உணரி, அறுந்த வயர் ஆகிய எதுவும் அதற்குக் காரணமாகலாம். குறியீட்டைப் படித்தவுடன் பம்பை மாற்றுவது, காய்ச்சல் என்று கேட்டவுடன் அறுவை செய்வதற்கு ஒப்பாகும். குறியீடே தோன்றாதபோது நிலைமை இன்னும் நுட்பமானது. இசியு தன் உணரியை நம்பியே அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிறது. உணரி உண்மை அளவைவிடக் கூடுதலாகக் காட்டினால், உள்ளே அழுத்தம் குறைந்திருக்க, திரையில் எல்லாம் சரியாகவே தெரியும். எஞ்சின் நின்று நன்றாக ஆறிய பிறகு, சாவியை மட்டும் திருப்பி, அளவு பூச்சியத்தை ஒட்டி இருக்கிறதா எனப் பார்த்தால் இவ்வையம் ஓரளவு தீரும். இந்த எளிய முதற்படியைப் பலர் தாண்டிப் போய்விடுகின்றனர்.

வாசலில் சும்மா ஓடும் எஞ்சினில் 300 பார் தெரிவதும் பெரிய சான்றன்று. பம்ப் தேய்ந்திருந்தாலும் இன்ஜெக்டர் கசிந்தாலும், அளவிடும் வால்வைக் கூடுதலாகத் திறந்து இசியு அக்குறையை ஈடுகட்டிவிடும். அந்தக் கையிருப்பு தீர்வது ஏற்றத்தில்தான். எனவே இசியு கேட்கும் அழுத்தத்துக்கும் கிடைக்கும் அழுத்தத்துக்கும் இடையிலான வேறுபாட்டை வண்டி இழுக்கும் வேளையில் பதிவு செய்வதே உண்மையான சோதனை. மலிவுக் கருவிகள் பெரும்பாலும் கிடைக்கும் அழுத்தத்தை மட்டுமே, அதுவும் மெதுவாகக் காட்டுவதால், நொடிப்பொழுதில் விழுந்து எழும் அழுத்தம் அவற்றின் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. கொண்டை ஊசி வளைவில் ஓட்டுநரே திரையைப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது. பதிவை வேறொருவர் கவனிக்க வேண்டும்.

மலை தரும் சான்றில் மயக்கமும் உண்டு. 1,200 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 11 விழுக்காடு குறைவு. டர்போ அதைப் பெருமளவு ஈடுசெய்தாலும், டர்போவின் ரப்பர் குழாயில் கிழிசல் இருந்தாலோ ஏர் ஃபில்டர் அடைபட்டிருந்தாலோ, அழுத்தக் குறைக்கு உரிய அதே இழுவைக் குறை தோன்றும். தொட்டியில் டீசல் குறைந்திருக்கும்போது சரிவில் உறிஞ்சுகுழாய் காற்றை இழுப்பதும் நிகழ்வதே. தொட்டியைப் பாதிக்கு மேல் நிரப்பி அதே வளைவில் மறுபடி ஏற்றிப் பார்க்காமல் எந்தப் பாகத்தையும் குற்றம் சொல்வது நியாயமாகாது.

இவ்வழக்கத்தின் மிகக் கொடிய குறை பழைய கைப்பழக்கத்திலிருந்து வருகிறது. லாரித் தொழிலால் அறியப்பட்ட நாமக்கல் வட்டாரத்தில் டீசல் எஞ்சினோடு பழகிய கைகள் ஏராளம். பழைய இயந்திரப் பம்ப் வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதே நாசில் நட்டைத் தளர்த்தி, எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று காண்பதும், ஏர் எடுப்பதும் இயல்பான, பயன்மிக்க முறைகளாக இருந்தன. காமன் ரெயிலில் அதே செயல் பெருங்கேடு விளைவிக்கும். ஊசிமுனைத் துளை வழியே பீறிடும் டீசல் கையுறையையும் தோலையும் துளைத்துத் தசைக்குள் இறங்கும்; காயம் சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் விரலையோ கையையோ இழக்க நேரலாம் என்பதால், அது உடனடி அறுவைக்கு உரியது. கசிவை விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. எஞ்சினை நிறுத்திய பின்னும் குழாயில் சிறிது நேரம் அழுத்தம் தங்கியிருக்கும்.

பெட்ரோல் எஸ்யூவியில் நிலைமை சற்று எளிது. உறிஞ்சுவழியில் பெட்ரோலைப் பீய்ச்சும் வகையில் அழுத்தம் 3 முதல் 4 பார் மட்டுமே என்பதால், தனியான கேஜ் ஒன்றை இடையில் இணைத்து நேரடியாக அளக்க முடியும். உணரியைச் சாராத இரண்டாம் சாட்சி அங்கே கிடைக்கிறது. ஆனால் சூடான எஞ்சின் மீது சிந்தும் பெட்ரோல் டீசலைவிட மிக எளிதில் தீப்பற்றும்.

டீசல் வண்டியில் வீட்டளவில் செய்யக்கூடிய கடைசிச் சோதனை, இன்ஜெக்டர்களிலிருந்து திரும்பி வரும் டீசலைத் தனித்தனிப் பாட்டில்களில் பிடித்து ஒப்பிடுவது. ஒரு பாட்டில் மட்டும் மற்றவற்றைவிட விரைவாக நிரம்பினால் அந்த இன்ஜெக்டர் உள்ளே கசிகிறது. இதற்குத் தூய்மை இன்றியமையாதது. இன்ஜெக்டரின் உள்ளிடைவெளிகள் மைக்ரான் கணக்கிலானவை, மலைப்பாதையின் புழுதியில் ஒரு துகளே அவற்றைக் கெடுக்கப் போதும். அதற்கப்பால் உள்ளதெல்லாம் பம்ப் கடையின் டெஸ்ட் பெஞ்சுக்கு உரியது. அங்கே வண்டியோடு ஒரு தாளும் போகுமானால், அதில் இழுவை விழுந்தது எத்தனையாவது வளைவில், எந்தக் கியரில், தொட்டியில் எவ்வளவு டீசல் இருந்தபோது, முந்தைய இரவு வண்டி எந்தப் பக்கம் நோக்கி நின்றது என்பவை எழுதப்பட்டிருக்குமானால், பெஞ்சில் முதலில் ஏற்ற வேண்டியது பம்பா, இன்ஜெக்டரா, அல்லது இரண்டையும் தொடாமல் குழாயை மட்டும் மாற்றினால் போதுமா என்பது அங்கேயே தெளிவாகும்.