சங்கீதங்களில் பேசும் ‘நான்’ யார்?

சில மாதங்களுக்கு முன் ஒரு நூல் அறிமுகக் கூட்டத்தில் பேசியவர், சங்கீதங்கள் தாவீதின் நாட்குறிப்பு என்றார். எந்தச் சங்கீதம் எந்த நெருக்கடியில் பிறந்தது என்ற பின்னணி தெரிந்துவிட்டால் பொருள் தானாகத் திறந்துகொள்ளும் என்றும் சொன்னார். அரங்கம் கைதட்டியது. இப்போது எங்கும் கேட்கிற பேச்சுதான் இது. மனச்சோர்வுக்கு ஒரு சங்கீதம், துரோகத்துக்கு ஒன்று, தூக்கம் வராத இரவுக்கு இன்னொன்று என்று மருந்துச் சீட்டுபோல எழுதித் தரும் கையேடுகள் குவிகின்றன. அவற்றின் பக்கங்களில் ஓர் உணர்ச்சிவசப்பட்ட அரசன் குகைக்குள் உட்கார்ந்து, கிட்டத்தட்ட இறகுப்பேனாவோடு, தன் மனத்தைக் கொட்டிக்கொண்டிருக்கிறான். கவிதை படிக்கிறவன் என்ற முறையில் எனக்கு இந்தப் படம் ஒப்பவில்லை.

நாட்குறிப்புக் கட்சியின் கையிலிருக்கும் ஒரே சாட்சி தலைப்புகள். 150 பாடல்களில் 73இன் எபிரேயத் தலைப்பில் தாவீதின் பெயர் இருக்கிறது. அவற்றில் 13 தலைப்புகள் சம்பவத்தையும் சொல்கின்றன: 3ஆம் சங்கீதம் மகன் அப்சலோமுக்குத் தப்பி ஓடியபோது, 51ஆம் சங்கீதம் பத்சேபாள் விவகாரத்தில் நாத்தான் கண்டித்தபோது. ஆனால் ‘லெ-தாவீத்’ என்பதிலுள்ள அந்த ‘லெ’ ஒரு வழுக்குப்பாறை. தாவீது எழுதியது, தாவீதுக்கு உரியது, தாவீதைப் பற்றியது, எல்லாவற்றுக்கும் அது இடம் கொடுக்கும். பழைய சிரிய நகரமான உகாரித்தின் களிமண் பலகைகளில், கானானியப் புயல் தெய்வமான பாகாலைப் பற்றிய கதைக்கும் கெரெத் மன்னன் கதைக்கும் மேலே இதே ‘ல’ இருக்கிறது. அந்தக் கதைகளைப் பாகாலே எழுதினான் என்று யாரும் சொல்வதில்லை. சங்கப் பாட்டின் அடியில் தொகுத்தவர்கள் வைத்த கூற்றுக் குறிப்பையும் பாட்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த நமக்கு இது விளங்காத சங்கதி அல்ல.

51ஐயே எடுத்துக்கொள்வோம். பாவத்துக்காக உருகும் அந்தப் பாட்டின் கடைசி இரண்டு வசனங்கள் திடீரென்று எருசலேமின் மதிலைக் கட்டித் தரும்படி வேண்டுகின்றன. தாவீதின் காலத்தில் மதிலுக்கு என்ன கேடு? அது இடிந்தது கி.மு. 586ஐ ஒட்டி, பாபிலோனியர் கையால். இதை நவீன நாத்திகர் யாரோ கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டாம். 12ஆம் நூற்றாண்டு யூத உரையாசிரியர் இப்ன் எஸ்ரா, அந்த இரண்டு வசனங்களும் பாபிலோனில் இருந்த ஒரு பக்தர் சேர்த்தவை என்று ஸ்பெயின் நாட்டு அறிஞர் ஒருவர் சொன்னதை அமைதியாகப் பதிவுசெய்திருக்கிறார். 30ஆம் சங்கீதத்தின் தலைப்பு ஆலயப் பிரதிஷ்டை என்கிறது. உள்ளே இருப்பதோ நோயிலிருந்து மீண்டவனின் நன்றி. 34இன் தலைப்பில் அபிமெலேக்கு. அந்தக் கதையைச் சொல்லும் சாமுவேலின் நூலில் அவன் பெயர் ஆகீஸ்.

தலைப்புகள் வளர்ந்த விதமும் கவனிக்கத்தக்கது. பாபிலோன் ஆற்றங்கரையில் அழும் 137ஆம் சங்கீதத்துக்கு எபிரேயத்தில் தலைப்பே இல்லை. கிரேக்க மொழிபெயர்ப்பு அதற்கும் தாவீதின் பெயரைச் சூட்டிவிட்டது. 1956இல் சாக்கடலோரக் கும்ரானின் 11ஆம் குகையில் கிடைத்த சங்கீதச் சுருளில் ஒரு கணக்கு இருக்கிறது: தாவீது பாடியவை மொத்தம் 4,050. ஆண்டின் 364 நாளுக்கும் தினம் ஒன்று, 52 ஓய்வுநாளுக்கும் ஒன்று என்று பிரித்தே கொடுத்திருக்கிறார்கள். பிரெவார்ட் சைல்ட்ஸ் 1971இல் எழுதிய கட்டுரையில் தலைப்புகளை முதல் உரையாசிரியர்களின் வேலையாகப் பார்த்தார். அதுதான் சரி. அவை ஒரு வாசிப்பு, நல்ல வாசிப்பும்கூட. பிறப்புச் சான்றிதழாக அவற்றை நீட்டும்போதுதான் சிக்கல்.

பழைய காலத்தை வேகமாகக் கடந்துவிடலாம். அகஸ்தீனுக்கு எல்லாச் சங்கீதத்திலும் கிறிஸ்துவின் குரலே கேட்டது. இடைக்கால யூத உரையாசிரியர்களான ராஷியும் கிம்கியும் சொல்லிலக்கணத்தில் நின்றார்கள். இன்றும் அவர்களைப் பார்க்காமல் ஒரு கடினமான சொல்லைத் தாண்ட முடியாது. நாட்குறிப்பு வாசிப்பின் விதையை நான் கால்வினிடம் காண்கிறேன். 1557இல் வெளிவந்த உரையின் முன்னுரையில் அவர் தன் வாழ்க்கையைத் தாவீதின் வாழ்க்கையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். அவருடைய துயரம் உண்மை. அதனால்தான் அந்த முறை இத்தனை பேரைத் தொற்றியது. 1753இல் ராபர்ட் லௌத், ஆக்ஸ்போர்டில் லத்தீனில் நிகழ்த்திய உரைகளை அச்சிட்டு, எபிரேயக் கவிதையின் உயிர் அடிகளின் இணைவில் இருக்கிறது என்று காட்டினார். அந்தக் கதவு திறந்தபடியே இருக்க, 19ஆம் நூற்றாண்டு அதைவிட்டுத் தேதி தேடப் போனது. அதன் உச்சம் 1899இல் பெர்ன்ஹார்ட் டூம். அவர் பல சங்கீதங்களை மக்கபேயர் காலத்துக்கு, அதாவது கி.மு. 2ஆம் நூற்றாண்டுக்கு இழுத்துவந்தார். பக்தர்கள் அதிர்ந்தார்கள். எனக்கு இரு தரப்பும் ஒன்றாகவே தெரிகிறது. நாற்காலியில் இருந்த தாவீதை எழுப்பிவிட்டு மக்கபேயனை உட்கார வைத்தார்கள், அவ்வளவுதான்.

நாற்காலியையே மாற்றியவர் ஹெர்மன் குங்கெல். யார் எழுதினார், எப்போது என்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டு, இது என்ன வகைப் பாட்டு, வாழ்க்கையில் எந்த இடத்தில் பாடப்பட்டது என்று கேட்டார். துதிப்பாட்டு, ஊரார் புலம்பல், தனியாள் புலம்பல், நன்றிப்பாட்டு, அரசனைப் பாடுவது என வகைகள் தெளிந்தன. திணையும் துறையும் பழகிய நமக்கு இது எளிது. குங்கெலுக்கு முந்திய ஜெர்மானியருக்கு இது புத்தம் புதிது. 1926இல் அவருடைய உரை வந்தது. 1932இல் அவர் இறந்தபின், முடியாமல் கிடந்த முன்னுரை நூலை மாணவர் யோவாகிம் பெக்ரிச் முடித்து 1933இல் வெளியிட்டார்.

வகையைப் பார்த்தவுடன் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. தனியாள் புலம்பலில் பேசும் ‘நான்’ ஒரே மூச்சில் நோயாளி, பொய்வழக்கில் சிக்கியவன், குழியில் விழுந்தவன், காளைகளும் நாய்களும் சூழ்ந்து நிற்பவன். எந்தத் தனிமனித வாழ்க்கையிலும் இத்தனையும் ஒரே பொழுதில் நடக்காது. எதிரிக்கும் பெயர் கிடையாது. பெயரை விட்டது மறதியால் அல்ல. அடுத்து வருபவன் தன் எதிரியை அங்கே வைத்துக்கொள்வதற்காக. விவிலியமே இதற்குச் சாட்சி சொல்கிறது. பிள்ளையில்லாத அன்னாள் ஒரு பிள்ளை பெற்றுப் பாடும் பாட்டில், மலடி ஏழு பெறுகிறாள், கர்த்தர் அரசனுக்கு வலிமை தருகிறார். அப்போது இஸ்ரவேலில் அரசனே இல்லை. மீனின் வயிற்றில் இருக்கும் யோனா, ஏற்கெனவே காப்பாற்றப்பட்டவனைப்போல நன்றி சொல்கிறான். இருவரும் புதிதாக இயற்றவில்லை. கோயிலில் பாடப்பட்டுவந்த பாட்டொன்றை வாங்கித் தம் வாயில் வைத்துக்கொண்டார்கள்.

குங்கெலிடம் ஒரு தயக்கம் இருந்தது. வகைகள் கோயிலில் பிறந்தவை என்று சொல்லிவிட்டு, நம் கையில் இருக்கும் சங்கீதங்களில் பெரும்பாலானவை கோயிலிலிருந்து விடுபட்ட தனிமனித பக்திப் பாடல்கள் என்று பின்வாங்கினார். அந்தத் தயக்கத்தை உடைத்தவர் அவரிடம் படித்த நார்வேக்காரர் சிக்மண்ட் மோவிங்கெல். இன்று தமிழில் சங்கீதம் பற்றிப் பேசுவோர் அதிகம் உச்சரிக்காத பெயர். என் கணக்கில் இந்தத் துறையின் மிகப் பெரிய மனிதர் அவரே. 1921க்கும் 1924க்கும் இடையில் ஆறு பகுதிகளாக வந்த அவருடைய ஆய்வு, சங்கீதங்களைக் கோயில் முற்றத்துக்குத் திரும்ப அழைத்து வந்தது. 24ஆம் சங்கீதத்தைப் பாருங்கள். கதவுகளைத் திறக்கச் சொல்கிறது ஒரு குரல், வருகிற அரசர் யார் என்று உள்ளிருந்து கேட்கிறது இன்னொன்று, பதில் வருகிறது, மறுபடி கேள்வி. நாட்குறிப்பில் இதற்கு என்ன வேலை? வாசலில் ஊர்வலம் நிற்கிறது. 136இல் 26 வசனம், ஒவ்வொன்றின் முடிவிலும் அதே பல்லவி. கூட்டம் இல்லாமல் அது வெறும் சலிப்பு.

மோவிங்கெல் இதோடு நிற்கவில்லை. 47, 93, 96 முதல் 99 வரையிலான பாட்டுகளைச் சேர்த்து, இலையுதிர்காலப் புத்தாண்டில் இஸ்ரவேலின் கடவுளான யாவே அரியணை ஏறும் திருவிழா ஒன்று நடந்தது என்றார். ‘யாவே மாலாக்’ என்பதை ‘அரசராக இருக்கிறார்’ என்று படிப்பதா, ‘அரசரானார்’ என்று படிப்பதா என்பதில் ஒரு தலைமுறையே சண்டையிட்டது. பாபிலோனின் அக்கித்து விழாவைப் பார்த்து அவர் கட்டிய கோபுரம் கொஞ்சம் உயரம்தான். மோசேயின் சட்டங்களில் அப்படியொரு விழா சொல்லப்படவில்லை என்ற எதிர்ப்பு நியாயமானது. ஸ்காண்டிநேவியச் சீடர்கள் அதன்மேல் இன்னும் மாடிகள் எழுப்பி, பார்ப்பவர் சிரிக்கும்படி செய்தார்கள். விழா போனாலும் போகட்டும். யார் பேசுகிறார், யாரைப் பார்த்து, எங்கே நின்றுகொண்டு என்ற அவருடைய கேள்வி போகாது.

அந்தக் கேள்வியின் மிக அழகான விளைவு பெக்ரிச் 1934இல் எழுதிய ஒரு கட்டுரை. 6ஆம் சங்கீதத்தில் படுக்கை நனையும்படி அழுதவன், அடுத்த மூச்சில் அக்கிரமக்காரரைத் துரத்துகிறான். 22லும் இதே திருப்பம். மனோதத்துவக் கையேடுகள் இதை நம்பிக்கையின் வெற்றி என்று கடந்துபோகும். பெக்ரிச் சொன்னது வேறு: அந்த இரண்டு வரிகளுக்கு நடுவே ஆசாரியர் எழுந்து, உன் குரல் கேட்கப்பட்டது என்று இறைவாக்கு உரைத்திருக்கிறார். பாட்டில் அது எழுதப்படவில்லை, ஏனென்றால் அது பாடுபவரின் பகுதி இல்லை. இதை மறுப்பவர்கள் உண்டு. எனக்கு இது தெரிந்த நாளிலிருந்து அந்த இடைவெளியில் ஒரு மௌனம் கேட்கிறது. இருள் என்ற சொல்லோடு முடியும் 88ஆம் சங்கீதத்தில் அந்தத் திருப்பமே வருவதில்லை. அங்கே ஆசாரியர் எழுந்திருக்கவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

1928இல் சிரியக் கடற்கரையில் ஓர் உழவர் தற்செயலாகக் கல்லறை ஒன்றைக் கண்டார். மறு ஆண்டு ராஸ் சம்ராவில் அகழ்வு தொடங்கியது. உகாரித் நகரம் வெளியே வந்தது. மேகங்களில் ஏறிவரும் பாகால், ஏழு தலைப் பாம்பு, தேவர் சபை எல்லாம் எபிரேயத்தின் பங்காளி மொழியில் கிடைத்தன. இதனால் விளைந்த நன்மைக்கு அளவில்லை. 29ஆம் சங்கீதத்தின் அடியில் ஒரு கானானியப் புயல்பாட்டு இருக்கலாம் என்று எச். எல். கின்ஸ்பெர்க் 1935இல் சொன்னார். ஆனால் நல்ல கருவி கெட்டிக்காரர் கையில் கெட்டுப்போவதும் உண்டு. மிச்சல் டாஹுட் 1966 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளில் சங்கீதங்களுக்கு எழுதிய உரை, அபாரமான கல்வியும் அபாரமான அடக்கமின்மையும் கலந்தது. எந்தச் சொல் இடறினாலும் உகாரித்திலிருந்து ஒரு பொருள் வந்துவிடும். பழைய இஸ்ரவேல் அதிகம் பேசாத மறுமை வாழ்வு வரிக்கு வரி முளைக்கும். அண்டை வீட்டு அகராதியை வைத்து நம் வீட்டுக் கடிதத்தைப் படித்த கதை.

1985இல் ஜெரால்ட் வில்சன் ஐந்து பகுதிகளாக அமைந்த முழு நூலின் தொகுப்பை ஆராய்ந்தார். அதன்பின் அடுத்தடுத்த சங்கீதங்களுக்குள் உறவு கண்டுபிடிப்பதே தொழிலாகிவிட்டது. சில உறவுகள் மெய். பல, பக்கத்து இருக்கைக்காரரைச் சம்பந்தி ஆக்குவது.

எனக்குப் பிடித்த திசை லௌத் திறந்துவிட்டுப் போன கதவின் பக்கம். 1981இல் ஜேம்ஸ் கூகெல், 1985இல் ராபர்ட் ஆல்டரும் அடேல் பெர்லினும். இணை அடி என்றால் ஒன்றையே இருமுறை சொல்வது என்ற சோம்பேறித்தனமான புரிதலை மூவரும் உடைத்தார்கள். 29இல் இடியின் குரல் கேதுரு மரங்களை முறிக்கிறது. அடுத்த அடியில் மரம் பொதுவான மரமாக நிற்பதில்லை, லீபனோனின் கேதுரு ஆகிறது. வினையும் அதே வேரிலிருந்து இன்னும் கடுமையான வடிவத்துக்கு ஏறுகிறது. முறித்தது, தூளாக்குகிறது. புயல் ஒரு எட்டு நெருங்கிவிட்டது. குரல் என்ற ‘கோல்’ அந்தப் பாட்டில் ஏழு தடவை விழுகிறது, ஏழும் இடி. எழுதியவர் யாரென்று தெரிந்தால் இதில் எது கூடும்?

தமிழ் மொழிபெயர்ப்புகளின் பக்கம் வந்தால், ‘நெபெஷ்’ என்ற ஒரு சொல் போதும். அது தொண்டை, மூச்சு, உயிர், ‘நான்’. பழைய தமிழ் விவிலியம் அதை ஆத்துமா என்றே பெரும்பாலும் பெயர்த்தது. அதனால் 69ஆம் சங்கீதத்தில் வெள்ளம் ஆத்துமா வரை ஏறுகிறது. மூழ்குபவனின் திணறல் தத்துவம் ஆகிவிடுகிறது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு அதைக் கழுத்துக்குக் கொண்டுவந்தது. அந்த ஒரு சொல்லில் நூறு பின்னணிக் கட்டுரைகள் செய்யாததைச் செய்தார்கள். அதே சமயம் பழைய மொழிபெயர்ப்பின் இராகத் தலைவனையும் ஆரோகண சங்கீதத்தையும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இது பாட்டு, பாடுவதற்கு ஆள் இருந்தார்கள் என்பதை அந்தச் சொற்கள் மறக்கவிடவில்லை. 71 இடங்களில் வரும் ‘சேலா’வை மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டதும் நாணயமான காரியம்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை 51ஐத் திறக்கும்போது தலைப்பை விரலால் மூடிக்கொண்டு, வாய்விட்டுப் படியுங்கள். மதில் வரும் இடம் வரை போய்விட்டு விரலை எடுங்கள்.