தொடக்கக் கல்வியில் அணிக் கலைச்சொற்கள்: உவமை, உருவகம் பற்றிய ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

தொடக்கப் பள்ளி மாணவர்க்கு அணி இலக்கணக் கலைச்சொற்களைக் கற்பிப்பது பற்றிப் பேசுவோர், எவ்வகுப்பில் தொடங்குவது, எத்தனை அணிகளைக் கற்பிப்பது என்பவற்றையே பெரிதும் ஆராய்வர். எந்த வரையறையைக் கொண்டு கற்பிப்பது என்பது அத்துணைக் கருதப்படுவதில்லை. ஆங்கிலத்தையும் தமிழையும் ஒருசேரப் பயிலும் குழந்தைக்கு இவ்வினாவே முதன்மையானது.

2. ஆங்கில வகுப்பறையின் அடையாளம்

ஆங்கில வகுப்பறையில் சிமிலியும் மெட்டஃபரும் எளிய ஓர் அடையாளத்தால் பிரித்துக் காட்டப்படுகின்றன. ‘லைக்’, ‘ஆஸ்’ என்னும் சொற்களுள் ஒன்று வந்தால் முன்னது; வாராவிடின் பின்னது. ஆங்கிலத்திற்கு இது ஓரளவு பொருந்தும். ஆனால் சிமிலியை உவமை என்றும் மெட்டஃபரை உருவகம் என்றும் பெயர்க்கும்போது இவ்வடையாளமும் உடன் வந்துவிடுகிறது. ‘போல’ வந்தால் உவமை, வாராவிடின் உருவகம் என்று மாணவர் கொள்கின்றனர்.

3. தமிழின் நிலை

‘மலர்முகம்’, ‘முகமலர்’ ஆகிய இரண்டிலும் உவம உருபு இல்லை. எனினும் முன்னது உவமை, பின்னது உருவகம். மலர் போன்ற முகம் என விரியும் முன்னதை, நன்னூல் கூறும் 6 தொகைகளுள் ஒன்றான உவமைத்தொகை என்பர். முகமாகிய மலர் என விரியும் பின்னதில் பொருளும் உவமையும் வேற்றுமை நீங்கி ஒன்றாகின்றன. தண்டியலங்காரம் உருவகத்திற்குத் தரும் இலக்கணமும் இதுவே. ஆகவே இவற்றைப் பிரித்தறியச் சொற்கள் நிற்கும் முறையையும் அம்முறை உணர்த்தும் பொருளுறவையும் நோக்குதல் வேண்டும்.

வகுப்பறையிலேயே இதற்குச் சான்று உண்டு. கயல்விழி, தேன்மொழி என்னும் பெயருடைய சிறுமியர் பலர். பெண்ணைக் குறிக்குங்கால் இவை அன்மொழித்தொகையாயினும் இவற்றின் அடிப்படை உவமைத்தொகையே. உருபை மட்டும் தேடும் மாணவர் இவற்றை உருவகம் என்றே எழுத நேரும்.

உருபு இருந்தும் உவமையாகாத இடங்களும் உள. ‘மழை வரும் போல’ என்பதில் ‘போல’ ஊகத்தை உணர்த்துகிறதேயன்றி ஒப்புமையை உணர்த்தவில்லை. இனி, குழந்தை பேச்சுத் தமிழில் கேட்டறியும் உருபு ‘மாதிரி’. கொங்கு வட்டாரத்தில் ‘ஆட்டம்’. நன்னூலார் 12 உருபுகளைக் கூறிப் பிறவற்றையும் கொள்ள இடந்தந்தார். அந்நூற்பா மனப்பாடப் பட்டியலாகச் சுருங்கும்போது அவ்விடம் அடைபடுகிறது. தான் அன்றாடம் பேசும் உவமையை மாணவர் உவமை என அறியாது போகின்றனர்.

4. மொழிபெயர்ப்பில் இதன் விளைவு

இப்பிழை தேர்வுத் தாளோடு முடிவதன்று. ‘மலர்முகம்’ என்பதை ஆங்கிலமாக்குவோர் ‘லைக்’ என்னும் சொல்லைச் சேர்த்தால் அது மிகையன்று. தொகையில் மறைந்து நிற்கும் உருபே அங்கு வெளிப்படுகிறது. ‘முகமலர்’ என்பதற்கு அதே சொல்லைச் சேர்த்தாலோ மூலத்தின் ஒருமைப்பாடு குலைகிறது. இரண்டும் உருபற்றவை, எனவே உருவகங்களே என்று இளமையில் பயின்றவர்க்கு இவ்வேறுபாடு புலப்படுதல் அரிது.

இதனை ஒத்ததே ‘ரைம்’ என்பதனை எதுகை எனப் பெயர்க்கும் வழக்கமும். ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் அடியிறுதி ஒலியைப் பற்றியது; எதுகையோ இரண்டாம் எழுத்தின் ஒன்றுதலைப் பற்றியது. இறுதி ஒன்றுதலைக் குறிக்கத் தமிழில் இயைபு என்னும் சொல் உண்டு.

5. கொள்ளத்தக்கதும் தள்ளத்தக்கதும்

அமெரிக்காவில் 2010இல் வெளிவந்த காமன் கோர் பொதுத் தரநிலைகள், மூன்றாம் வகுப்பில் நேர்ப்பொருளையும் நேரல்லாப் பொருளையும் பிரித்தறியச் செய்து, நான்காம் வகுப்பில் எளிய சிமிலி, மெட்டஃபர் ஆகியவற்றின் பொருளை விளக்கச் சொல்கின்றன. பொருளுணர்வை முன்வைக்கும் இவ்வரிசை தமிழுக்கும் ஏற்றதே. உருபு அடையாளம் ஏற்றதன்று.

அதனிடத்தில் வைக்கத்தக்கது தொல்காப்பிய உவமவியலில் உள்ளது. உவமம் வினை, பயன், மெய், உரு என்னும் நான்கன் அடியாகப் பிறக்கும் என்பது அதன் கொள்கை. புலி போலப் பாய்தலில் வினையும், மழை போன்ற கொடையில் பயனும், பிறை போன்ற நெற்றியில் வடிவாகிய மெய்யும், பவளம் போன்ற வாயில் நிறமாகிய உருவும் ஒக்கின்றன. ‘இவ்விரண்டும் எதனால் ஒக்கும்?’ என்னும் ஒரே வினாவில் இவை அனைத்தும் அடங்கும். விடுகதைக்கு விடை காணும் குழந்தைக்கு இவ்வினா கடினமானதன்று.

தொகையை விரித்துக் காணுதல் சிறாரின் ஆற்றலுக்கு மேற்பட்டது என்னும் தடை எழலாம். விரித்தல் என்னும் பெயரைக் கற்பிப்பது வேறு. ‘கயல் போன்ற விழி’ என்று சொல்லிப் பார்க்கச் செய்வது வேறு. பின்னது இரண்டாம் வகுப்பிலும் இயலும். கலைச்சொல் அதன்பின் வந்தால் போதுமானது. பாடநூலாசிரியர் இவ்வரிசையைப் பின்பற்றின், மாணவர் இரு மொழிகளின் அணிகளையும் அவ்வம்மொழியின் இயல்பால் அறிவர்.