‘மறுக்கப்பட்டது’: ஒரு சொல், இரண்டு கோளாறுகள்
தமிழில் வரும் தரவுத்தள வழிகாட்டிகள் பற்றி ஒரு பார்வை

கணினிப் பாடத்தைப் பற்றித் தமிழாசிரியர் ஏன் எழுத வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் எளியது. தொடக்கநிலை மாணவர் தரவுத்தளத்தில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் கணக்கில் அல்ல, வாசிப்பில். திரையில் ஒரு வாக்கியம் வருகிறது. அதைப் படித்துப் பொருள் கொள்ளத் தெரியாமல், “சார், டேட்டாபேஸ் ஓடல” என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். நாம் வகுப்பில் நடத்தும் கருத்துணர்தல் பயிற்சிதான் இது, வேறு உடையில்.

மூன்றாம் படிவ அடிப்படைக் கணினி அறிவியலிலேயே எஸ்க்யூஎல் கட்டளைகள் அறிமுகமாகின்றன. எஸ்பிஎம்முக்குக் கணினி அறிவியல் எடுப்பவர்கள் இன்னும் ஆழமாகப் போகிறார்கள். பாடம் மலாயில், அங்கே ‘பங்காலான் டாத்தா’. பிழைச்செய்தி ஆங்கிலத்தில். வீட்டில் பேச்சு தமிழில். லாபிஸ் போன்ற சிற்றூரில் பக்கத்து வீட்டில் ஒரு நிரலாளர் இருந்து சொல்லிக்கொடுக்கப் போவதில்லை. ஆகவே தமிழில் ஒரு நல்ல வழிகாட்டி கிடைத்தால் அந்த மாணவருக்கு அது பெரிய கை.

அப்படிப்பட்ட எழுத்து தமிழில் இல்லாமலில்லை. 2012இல் தொடங்கிய கணியம் மின்னிதழ் வழியாக வந்த து. நித்யாவின் ‘எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல்’ இலவசமாகவே கிடைக்கிறது. கட்டளையை அப்படியே வைத்து, விளக்கத்தைத் தமிழில் சொல்லும் முறை அதன் பலம். பாடம் கற்றுத்தரும் நூல்கள் இப்படி ஒன்றிரண்டு உண்டு. என் குறை வேறு இடத்தில். கோளாறு வந்தபின் என்ன செய்வது என்று சொல்லும் சிறு சிறு வழிகாட்டிகள், கைப்பேசியில் பகிரப்படும் குறிப்புகள், பயிற்சித் தாள்கள் ஆகியவற்றில் நான் பார்த்த பலவும் மாணவரை இன்னும் குழப்பத்தான் செய்கின்றன. நான்கு குறைகளைச் சொல்கிறேன்.

முதல் குறை, பிழைச்செய்தியை மொழிபெயர்த்துவிடுவது. வகுப்பறையில் எக்ஸாம்ப் வைத்துப் பயில்பவர்களுக்கு அடிக்கடி வரும் செய்திகள் இரண்டு. ஒன்றில் ‘ஆக்டிவ்லி ரெஃப்யூஸ்ட்’ என்று வரும். மற்றதில் ‘ஆக்சஸ் டினைட்’ என்று வரும். தமிழ்க் குறிப்பில் இரண்டும் ‘மறுக்கப்பட்டது’. போச்சு! இரண்டுக்கும் நடுவே இருந்த வேறுபாடு அந்த ஒரே சொல்லில் அழிந்துவிட்டது.

தொலைபேசியை நினைத்துப் பாருங்கள். ‘ரெஃப்யூஸ்ட்’ என்றால் அந்தப் பக்கம் எடுக்க ஆளே இல்லை. எக்ஸாம்ப் பலகத்தில் மைஎஸ்க்யூஎல்லைத் தொடங்கவில்லை, அல்லது அதன் வழக்கமான வாயில் எண் 3306 அல்லாத வேறு எண்ணில் அது ஓடுகிறது. கடவுச்சொல்லை நூறு முறை மாற்றினாலும் பயனில்லை. ‘டினைட்’ (பிழை எண் 1045) என்றால் எடுத்தவர் பேசுகிறார், “உங்கள உள்ள விட முடியாது” என்கிறார். சேவையகம் நன்றாகவே ஓடுகிறது, பெயரோ கடவுச்சொல்லோதான் தவறு. மூன்றாவதாக ‘அன்னோன் டேட்டாபேஸ்’ (1049) என்று வந்தால், உள்ளே போய்விட்டீர்கள், நீங்கள் கேட்ட பெயரில் தரவுத்தளம் அங்கே இல்லை. அநேகமாக எழுத்துப்பிழை.

1045 செய்தியின் வால் பகுதியையும் குறிப்புகள் விட்டுவிடுகின்றன. ‘யூசிங் பாஸ்வர்ட்: யெஸ்’ என்றால் கடவுச்சொல் சரி என்று பொருளல்ல, ஒரு கடவுச்சொல் அனுப்பப்பட்டது என்று மட்டுமே பொருள். ‘நோ’ என்றால் எதுவும் அனுப்பப்படவில்லை. எக்ஸாம்ப்பில் ‘ரூட்’ பயனருக்குத் தொடக்கத்தில் கடவுச்சொல் கிடையாது. வேறெங்கோ இருந்து நகலெடுத்த குறிப்பில் ஒரு கடவுச்சொல் எழுதியிருந்தால், அதை அப்படியே போட்டவருக்கு ‘யெஸ்’ வந்து கதவு மூடிவிடும்.

ஆகவே செய்தியை அப்படியே விட்டு, பக்கத்தில் தமிழில் விளக்குவதே முறை. இணையத்தில் தேடவும் அந்த மூலச் சொற்கள்தான் உதவும்.

இரண்டாம் குறை, ஒரு தமிழ்ச்சொல்லை மூன்று பொருளுக்குக் கொடுப்பது. ‘இணைப்பு’ என்ற சொல்லைப் பாருங்கள். சேவையகத்தோடு தொடர்புகொள்வது இணைப்பு. இரண்டு அட்டவணைகளைச் சேர்க்கும் ‘ஜாயின்’ இணைப்பு. இணையப் பக்க முகவரியும் இணைப்பு. “இணைப்பில் பிழை” என்று எழுதினால் மாணவர் எங்கே தேடுவார்? ‘நிரல்’ என்ற சொல்லும் அப்படியே. சிலருக்கு அது கட்டளைத் தொகுதி, சிலருக்கு அட்டவணையின் நெடுவரிசை. இங்கேதான் நம் சங்கத்துக்கு வேலை இருக்கிறது. சேவையகத்தோடு நடப்பதைத் ‘தொடர்பு’ என்றும், அட்டவணைகளுக்கு மட்டும் ‘இணைப்பு’ என்றும், ‘நிரல்’ கட்டளைத் தொகுதிக்கு, ‘நெடுவரிசை’ அட்டவணைக்கு என்றும் நாம் ஒரே மாதிரி எழுதினால் பாதிக் குழப்பம் தீரும்.

மூன்றாம் குறை, தேதியும் பதிப்பும் போடாதது. ‘மைஎஸ்க்யூஎல்_கனெக்ட்’ என்று தொடங்கும் பழைய பிஎச்பி முறை 2013இல், 5.5 பதிப்பிலேயே கைவிடத்தக்கதாக அறிவிக்கப்பட்டது. 2015 இறுதியில் வந்த பிஎச்பி 7இல் அது நீக்கப்பட்டேவிட்டது. இன்றும் அதைச் சொல்லித்தரும் குறிப்புகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. மாணவர் எழுத்துப்பிழை இல்லாமல் தட்டச்சு செய்கிறார், ‘அன்டிஃபைன்ட் ஃபங்ஷன்’ என்று வருகிறது. தப்பு தன்மேல்தான் என்று நினைத்துக்கொள்கிறார். இப்போது பயன்படுபவை மைஎஸ்க்யூஎல்ஐ, பிடிஓ என்ற இரண்டு வழிகள்.

பழைய முறையோடு ஒரு பழைய பழக்கமும் ஒட்டிக்கொண்டு வருகிறது. படிவத்தில் வந்த பெயரை நேரே வினவலுக்குள் ஒட்டிவிடுவது. டி’குரூஸ், சா’டியா போன்ற பெயர்கள் நம் வகுப்பிலேயே உண்டு. பெயருக்குள் இருக்கும் அந்த ஒற்றை மேற்கோளைக் கணினி ‘இத்தோடு பெயர் முடிந்தது’ என்று எடுத்துக்கொள்ளும். உடனே 1064, வாக்கிய அமைப்புப் பிழை. நம் பிள்ளைகளின் பெயரில் வரும் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ சாய்கோட்டால் இந்தச் சிக்கல் வராது, பலர் அதைத்தான் சந்தேகப்படுகிறார்கள். மேற்கோளை நீக்கிவிடச் சொல்வது தீர்வல்ல, அடுத்தவர் பெயரைத் திருத்த நமக்கு என்ன உரிமை? வினவலின் வடிவத்தை முதலில் அனுப்பி, மதிப்புகளைத் தனியாக அனுப்பும் ‘ப்ரிப்பேர்ட் ஸ்டேட்மென்ட்’ முறைதான் தீர்வு. வேண்டுமென்றே கட்டளையைப் பெயர்க்கட்டத்துக்குள் எழுதி அனுப்பும் விஷமத்தையும் அது தடுக்கும்.

1064 பற்றி இன்னொன்று. ‘நியர்’ என்ற சொல்லுக்குப் பின் வரும் பகுதி, கணினி புரிந்துகொள்ள முடியாமல் நின்ற இடம். பிழை அங்கேயோ அதற்குச் சற்று முன்னேயோ இருக்கும். வேர்டிலோ வாட்ஸ்அப்பிலோ இருந்து ஒட்டும்போது வளைந்த மேற்கோள் வந்துவிடும். கண்ணுக்கு அழகு, கணினிக்குப் புரியாது.

பிழைச்செய்தியே வராத பிழைகளைக் குறிப்புகள் தொடுவதே அரிது. தேர்வுக்கு வராதவரின் மதிப்பெண் வெறுமையாக, அதாவது ‘நல்’ ஆக இருக்கும். ‘மதிப்பெண் = நல்’ என்று கேட்டால் ஒருவரும் கிடைக்கமாட்டார்; ‘ஈஸ் நல்’ என்றே கேட்க வேண்டும். 40 மாணவர், ஆளுக்கு 6 பாடம், ஆக 240 வரி கொண்ட மதிப்பெண் அட்டவணை. இரண்டையும் இணைக்கும்போது எதை வைத்து இணைப்பது என்ற நிபந்தனையை விட்டால் 9,600 வரிகள் வந்து கொட்டும். 240தானே வர வேண்டும் என்று முன்கூட்டியே எண்ணிவைத்திருப்பவர் மட்டும் அதைப் பிடிப்பார். ‘அப்டேட்’ செய்யும் முன் அதே நிபந்தனையோடு ‘செலெக்ட்’ போட்டு எத்தனை வரி வருகிறது என்று பார்க்கும் வழக்கத்தை முதல் நாளே சொல்லித்தர வேண்டும்.

நான்காம் குறைதான் என்னை அதிகம் உறுத்துவது. தமிழெழுத்து சரியாக வராதபோது, “யூடிஎஃப்8எம்பி4 போடுங்க, சரியாயிடும்” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். வழக்கமான தமிழ் எழுத்துகள் யூடிஎஃப்-8இல் மூன்று பைட்டுக்குள் அடங்குபவை. மைஎஸ்க்யூஎல்லின் பழைய மூன்று பைட் ‘யூடிஎஃப்8’ அமைப்பிலேயே அவை நிற்கும். நான்கு பைட் தேவைப்படுவது இமோஜி போன்றவற்றுக்கு. புதிய அமைப்பைப் போடுவது நல்லதுதான், ஆனால் நோய் எது என்று பார்க்காமல் மருந்து கொடுக்கக் கூடாது.

நோய் நான்கு. பெட்டி பெட்டியாக வந்தால் எழுத்துரு இல்லை, தரவு பத்திரமாக இருக்கிறது. ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று லத்தீன் குறிகள் என்று, தலையில் சாய்கோடு போட்ட சிறிய ‘ஏ’வோடு தொடங்கி வந்தால், பைட்டுகள் இருக்கின்றன, வேறு குறியாக்கமாகப் படிக்கப்படுகின்றன, பெரும்பாலும் மீட்கலாம். அப்படி மூன்று மூன்றாக இல்லாத லத்தீன் கலவையாக வந்தால், அது யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி, டாப் போன்ற குறியாக்கத்தில் தட்டச்சு செய்த பழைய கேள்வித்தாளாக இருக்கலாம். அதற்கு எழுத்துமாற்றி வேண்டும். கேள்விக்குறிகளே சேமிக்கப்பட்டிருந்தால் மூல எழுத்து தொலைந்துவிட்டது. எந்த அமைப்பை மாற்றினாலும் அது திரும்பாது.

கேள்விக்குறிக்கு வழக்கமான காரணம், நெடுவரிசையோ தொடர்போ லத்தீன் குறியாக்கத்தில் இருப்பது. மைஎஸ்க்யூஎல் 5.7 வரை இயல்பமைப்பு ‘லத்தீன்1’தான், 2018இல் வந்த 8.0இல்தான் மாறியது. அட்டவணையை மாற்றினால் மட்டும் போதாது, தொடர்பு கொண்டவுடன் அதன் குறியாக்கத்தையும் குறிப்பிட வேண்டும். முக்கியமாக, ஒரே ஒரு பெயரைச் சேமித்து, திரும்ப எடுத்துப் பார்த்த பின்பே முந்நூறு பெயர்களை ஏற்ற வேண்டும். இதைச் சொல்லாத வழிகாட்டியால் ஒரு பள்ளியின் தமிழ் நூலகப் பட்டியலே கேள்விக்குறியாகிவிடலாம். பிறகு “தமிழ் கணினிக்கு ஒத்துவராது” என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிடுவார்கள். அந்த முடிவுக்குத்தான் நான் பயப்படுகிறேன்.

எல்லாம் சரியாக இருந்தும் தேடலில் ஒன்றும் கிடைக்காமல் போவதுண்டு. ‘ஔவை’ என்று சேமித்துவிட்டு ‘ஒளவை’ என்று தேடினால் கணினிக்கு இரண்டும் வேறு சொல்: ஒன்றில் ஔ என்ற ஓரெழுத்து, மற்றதில் ஒ, ள என்று ஈரெழுத்து. ‘தமிழ்’ நமக்கு மூன்றெழுத்து, யூனிகோடில் ஐந்து குறி, 15 பைட்டு. நெடுவரிசைக்கு நீளம் குறிக்கும்போது எழுத்தை எண்ணினால் பெயர் பாதியில் நிற்கும். குறியெண் வரிசைப்படி அடுக்கினால் ‘ன’ ‘ப’வுக்கு முன்னே வந்து நிற்கும். இவற்றையெல்லாம் கணினி ஆசிரியரைவிட நாம்தான் சட்டென்று கண்டுபிடிப்போம்.

இனி இந்தப் பக்கத்துக்கு யாராவது ஒரு தரவுத்தளக் குறிப்பை அனுப்பினால் ஐந்து கேள்விகள் கேளுங்கள். எந்தப் பதிப்புக்கு, எந்த ஆண்டில் எழுதியது? பிழைச்செய்தி அப்படியே இருக்கிறதா? கோளாறு எந்தக் கட்டத்தில் என்று பிரித்துச் சொல்கிறதா? ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தானா? சோதனைக்குத் தமிழ்ப்பெயர் ஒன்றைப் போட்டுப் பார்த்திருக்கிறார்களா? ஐந்துக்கும் ஆம் என்றால் தாராளமாகப் பகிருங்கள். இல்லையென்றால் எழுதியவரிடம் திருப்பி அனுப்புங்கள். கட்டுரை திருத்துவது நமக்குப் புதுசா என்ன?