கட்டைவிரலின் நிதானம்

பிசிஆர் ஆய்வகத்தில் எனக்குப் பிடித்த ஒலி, மைக்ரோபிப்பெட்டில் புதுமுனை பொருந்தும்போது எழும் ‘டக்’. ஒரு சொட்டில் பத்தில் ஒரு பங்கு திரவத்தை, குமிழி எழாமல் குழாயின் அடியில் இறக்கும் அந்தக் கட்டைவிரலின் நிதானத்தைப் பூத்தொடுப்பவர்களிடம்தான் பார்த்திருக்கிறேன். அவசரப்பட்டால் ஒரு மாதிரி இன்னொன்றில் கலந்து, இல்லாத நோய் இருப்பதாகிவிடும்.

அப்புறம் இயந்திரத்தின் முறை. கொரோனா போன்ற ஆர்என்ஏ வைரஸ் என்றால் முதலில் டிஎன்ஏவாகப் படியெடுக்கும். 95 டிகிரிச் சூட்டில் இரட்டை இழை பிரியும். 60க்கு ஆறும்போது, வைரஸின் வரிசையை அடையாளம் கண்டு பிரைமர் என்னும் சிறு டிஎன்ஏ துண்டு ஒட்டும். நொதி மறு இழையைப் பின்னும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, 40 சுற்று. மெல்லிய விசிறி இரைச்சல் மட்டும்தான். பெருகும் டிஎன்ஏவைக் காட்டும் கோடு, தரையோடு கிடந்தது, திரையில் திடீரென்று தலைதூக்கும். எத்தனை சீக்கிரம் எழுகிறதோ, மாதிரியில் அத்தனை வைரஸ்.