அனுமதி பெறாத நினைவு

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 2024இல் ஐம்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. அதன் நினைவைக் காக்கக் கட்டடப் பதிவுகளைத் திரட்டி ஒழுங்குபடுத்தினாலே போதும் என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

வரைபடமும் காணி உறுதியும் ஒப்பந்தப் பத்திரமும் வேண்டியவைதாம். சேர் பொன்னம்பலம் இராமநாதன் திருநெல்வேலியில் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி 1974இல் பல்கலைக்கழக வளாகமானது. அங்கே எந்தச் சுவர் கல்லூரிக் காலத்தது, எது பின்னர் எழுந்தது என்று பிரித்தறிய அவையே துணை. 1981இல் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட ஊருக்குத் தாளின் அருமையை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் அந்தத் தாள் எதைச் சொல்கிறது? அடிக்கல் நாட்டியவர் யார், திறந்து வைத்தவர் யார், பரப்பு எவ்வளவு, செலவு எவ்வளவு என்பதோடு அது நின்றுவிடுகிறது. கட்டடத்தின் வாழ்வு தொடங்கும் நாளில் அதன் பதிவு முடிந்துபோகிறது. 1987 ஒக்டோபரில் இந்தியப் படையினர் ஹெலிகொப்டரில் வந்து வளாகத்தில் இறங்கிய இரவு எந்தத் திறப்புவிழாக் கல்லிலும் இல்லை. 1995இல் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது வகுப்பறைகள் வெறிச்சோடியதும் இல்லை.

இதிலும் பெரிய குறை ஒன்றை நான் நெடுநாளாகச் சொல்லி வருகிறேன். கட்டடப் பதிவு அனுமதியிலிருந்து பிறக்கிறது. அனுமதி பெறாதது அதன் கண்ணில் கட்டடமே அல்ல. 2021 சனவரி 8 இரவு இறுதிப் போரில் கொல்லப்பட்டோரை நினைவுகூர வளாகத்திலிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டது. அனுமதியின்றி எழுப்பப்பட்டது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். மாணவர் உண்ணாவிரதம் இருந்தார்கள். 11ஆம் திகதி மீண்டும் அடிக்கல் வைக்கப்பட்டது, ஏப்ரல் 23இல் புதிய தூபி திறக்கப்பட்டது. வளாகத்துக் கட்டுமானங்களில் இதைவிட ஆழமாக மக்கள் மனத்தில் பதிந்தது வேறில்லை. ஆயினும் பதிவை மட்டும் நம்பும் ஒருவருக்கு முதல் தூபி இருந்ததே தெரியாது. இடிப்பதற்குக் காரணமாகக் காட்டப்பட்ட அதே அளவுகோலை நினைவைக் காக்கும் கருவி என்று எப்படி ஒப்புக்கொள்வது?

ஒவ்வொரு கட்டடத்தின் கோப்பிலும் இன்னொரு பகுதியைச் சேருங்கள். அங்கே படித்தவர், கூட்டித் துடைத்தவர், சுவர் கட்டிய மேசன், செல்லடிக்குப் பதுங்கியவர் ஆகியோரின் வாய்மொழி அதில் ஏறட்டும். 1974இல் இருபது வயதாக இருந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் இருக்கும்போதே போய்க் கேளுங்கள்.