கதவணைகளுக்கு நடுவே மீன்

2024 ஆகஸ்ட் 17 அன்று அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் தொடங்கியது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே வரும் பவானி உபரிநீரில் 1.5 டி.எம்.சி.யை மேடேற்றி 1,045 குளம் குட்டைகளுக்கு அனுப்புகிறோம். தலைமுறைகளாகப் போராடி வாங்கிய தண்ணீர். அதைத் தரும் ஆற்றில் மீன் ஏறி இறங்க வழி இருக்கிறதா என்று கேட்கும் கடமையும் அவிநாசிக்கு உண்டு.

அமெரிக்காவின் கிளாமத் ஆற்றில் நான்கு மின்அணைகளை இடித்து முடித்ததும், 2024 அக்டோபரில் சால்மன் மீன்கள் நூறாண்டுக்குப் பின் மேலே ஏறின. இங்கே அந்த வழி செல்லாது. கிளாமத் அணைகள் மின்சாரத்துக்காகக் கட்டியவை. பாசனம் அவற்றை நம்பியிருக்கவில்லை. பவானிசாகர் அணையை நம்பிக் கீழ்பவானி வாய்க்காலில் மட்டும் 2,07,000 ஏக்கர் இருக்கிறது. அந்த அணையை இடிக்கச் சொல்பவரோடு என்னால் நிற்க முடியாது.

கடலிலிருந்து வெள்ளத்தை எதிர்த்துக் காவிரியில் ஏறிய உல்லம் மீனின் கதை வேறு. கொள்ளிடத்துக் கீழணை அதை முதலில் மறித்தது. 1934-இல் மேட்டூர் அணை வெள்ளத்தையே பிடித்து வைத்துக்கொண்டது. அணையில் மீன் ஏறும் படி கட்டினால் போதும் என்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. சால்மன் போலத் துள்ளி ஏறும் மீனல்ல இது. கங்கையில் ஃபராக்கா தடுப்பணையில் மீன்வழி வைத்தும் மேலே உல்லம் அருகிப்போனது. 120 அடி நீர் தேங்கும் மேட்டூரில் அந்தச் செலவு வீண்.

மீட்கக்கூடியது காவிரிப் படுகைக்கே உரிய திமில் மகாசீர். ஐம்பது கிலோவைத் தாண்டி வளர்ந்த கெண்டை இனம். 2018-இல் மிக அருகிய இனமாக அறிவிக்கப்பட்டது. பவானிசாகரில் வந்து சேரும் மாயாறு அதன் கடைசிப் புகலிடங்களில் ஒன்று. அங்கே நீரோட்டம் மேலேயுள்ள மின்நிலையங்கள் திறந்துவிடுவதைப் பொறுத்தது. அணை மட்டுமே இந்த மீனைக் கெடுத்தது என்றால் பாதி உண்மைதான். மகாசீரைக் காப்பதாக எண்ணி, பொரிப்பகத்தில் வளர்த்த நீலத்துடுப்பு மகாசீர்க் குஞ்சுகளைக் கர்நாடகக் காவிரியில் பல ஆண்டுகள் விட்டார்கள். வந்த இனம் பெருகியது, சொந்த இனம் ஒடுங்கியது. "குஞ்சு விட்டோம்" என்ற கணக்கு ஆறு பிழைத்ததற்குச் சான்றாகாது.

மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை என வரிசையாக நிற்கும் 30 மெகாவாட் கதவணைகள் உயரம் குறைந்தவை. உள்ளூர்க் கெண்டைகள் ஏறும் சரிவுவழியை அங்கே சோதித்துப் பார்க்கலாம். ஆனால் முதல் வேலை மாயாற்றில்தான். வேற்றுக் குஞ்சு விடுவதை அங்கே அடியோடு தடுக்க வேண்டும். கோடையிலும் ஆறு அறுந்துபோகாத அளவுக்கு மின்வாரியம் நீர் விட வேண்டும். அந்த அளவை அரசு விதியாக எழுதி வெளியிட வேண்டும்.